கம்போடியாவா, பொகவந்தலாவையா, குளத்துப்புழையா?

தங்கச்சி மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் அவள் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கம்போடியாவுக்கு ஒன்பது நாள் சேவைப் பயணம், ஏப்ரல் 12 முதல் 20 வரை. சியாம் ரீப்பில் ஓர் அனாதை இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும், ஒரு வகுப்பறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், நடுவில் அங்கோர் வாட், கடைசியில் சான்றிதழ். ஒரு பிள்ளைக்கு 1,35,000 ரூபாய். தங்கச்சி அன்றைக்கு ராத்திரியே கூப்பிட்டாள். "அண்ணே, புள்ள ரொம்ப ஆசப்படுறா. சொசைட்டியில லோன் போட்டாவது அனுப்பிறலாமா? நீ ஒரு வார்த்த சொல்லு."

ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரெண்டு வாரம் டைம் கேட்டேன். கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துக் குளத்துப்புழையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன்; மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து விசாரித்தேன், படித்தேன், நாலு பேருக்குப் போன் போட்டேன். புனலூரிலிருந்து செங்கோட்டை, தென்காசி வரை இப்போது பல தனியார் பள்ளிகள் இந்த மாதிரிப் பயணங்களைக் கொண்டுவருகின்றன. இதே காகிதம் கையில் வந்து யோசிக்கிற வீடுகள் இன்னும் இருக்கும். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நாலு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன்: கம்போடியா, நேபாளம், இலங்கையில் அம்மா பிறந்த பொகவந்தலாவைப் பக்கம், எங்கள் குளத்துப்புழை. முதலில் கம்போடியா. பிள்ளையின் ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவள் விமானம் ஏறியதில்லை. கொல்லத்துக்கு வடக்கே போனதும் ரெண்டே ரெண்டு தடவை. அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில், அதன் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி நீளமாகச் செதுக்கியிருக்கிறது. ஒரு தமிழ்ப் பிள்ளை அதன் முன்னால் நின்றால் மனசு விரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "சுற்றுலா போகிறோம்" என்று சொல்லி அதே பள்ளி அதே ஊருக்குக் கூட்டிப்போனால், காசு இருக்கிற வீடு அனுப்பட்டும். என் தொண்டையில் சிக்கியது அந்த அனாதை இல்லம்தான்.

கம்போடியாவில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பொல் பொட் ஆட்சி 1979ல் முடிந்தது. அந்தக் கொடுமையில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் இன்றைக்கு ஐம்பது வயதைத் தொட்டவர்கள். அப்படியென்றால் அனாதை இல்லங்கள் வருஷா வருஷம் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 2005க்கும் 2010க்கும் நடுவே அவை 75 சதவீதம் கூடியிருந்தன என்று யுனிசெஃப் கண்டது. கூடியது அனாதைகளின் எண்ணிக்கை இல்லை. சுற்றுலாக்காரர்கள் கூடினார்கள், அவர்களைக் காட்டி நன்கொடை வாங்கலாம் என்று கண்டுகொண்டவர்கள் கூடினார்கள். ஏழை வீட்டுக்குப் போய், "உன் பிள்ளைக்குச் சோறும் இங்கிலீஷும் கிடைக்கும், எங்களிடம் விடு" என்று கேட்டால் எந்தத் தாய்க்கும் மனசு ஆடும். உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009ல் எழுதியது. பிறகு கம்போடிய அரசே இல்லங்களிலிருந்து பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்ப இலக்கு வைத்து வேலை செய்தது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் நவீன அடிமைமுறைச் சட்டத்துக்காக 2017ல் விசாரணை நடத்தியபோது, இந்த அனாதை இல்லச் சுற்றுலாவையும் அதில் சேர்த்து விசாரித்தது.

இது எங்கோ தூரத்துக் கதை என்று கேரளத்தில் இருக்கிற நாம் சொல்லிவிட முடியாது. 2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில் பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்து இறங்கிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் போலீஸ் நிறுத்தியது நினைவிருக்கும். வட கேரளத்து அனாதை இல்லங்களுக்கு வந்த பிள்ளைகள். பெற்றோரே இலவசப் படிப்புக்காக அனுப்பியவர்கள், கடத்தல் இல்லை என்று பிந்தைய விசாரணை சொன்னது. அந்தப் பதிலைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. தகப்பன் இருக்கிற பிள்ளை, படிப்புக்காக அனாதை இல்லத்துக்கு வர வேண்டியிருக்கிறது. கம்போடியாவிலும் அதுதான் நடக்கிறது, அங்கே பார்வையாளர் வரிசையும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். என் கடைக்கு எதிரே உள்ள பள்ளி விடுதிக்குள் வெளியூர்க்காரர் இருபது பேர் வந்து, பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துப் போட்டோ எடுக்க முடியுமா? நம் நாட்டின் சிறார் நீதிச் சட்டம் 2015ன் 74ஆம் பிரிவு, பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதையே குற்றம் என்கிறது. இங்கே நம் பிள்ளைக்கு வேண்டும் என்று நாம் கேட்கிற மரியாதையை அங்கே உள்ள பிள்ளைக்கு ஏன் கொடுக்கக் கூடாது? ஒன்பது நாளில் அந்தக் குழந்தைகள் நம் பிள்ளைகளின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். பத்தாம் நாள் பஸ் கிளம்பிவிடும். அடுத்த மாதம் வேறொரு பஸ். பிரிவையே பழக்கமாக வாங்கிக்கொள்கிற குழந்தைக்கு நாம் கற்றுக்கொடுப்பது ஆங்கிலம் மட்டுமாக இருக்காது.

பயணத்தை ஏற்பாடு செய்கிற ஏஜென்சிக்கு நானே போன் போட்டேன். பேசியவர் பொறுமையாகத்தான் பேசினார். நான் ஒரு தேதியைப் பற்றிக் கேட்டேன். ஏப்ரல் நடுவில் நமக்கு விஷு, சித்திரை முதல் நாள். கம்போடியாவின் கெமர் மக்களுக்கும் அதே நாட்களில்தான் புத்தாண்டு. மூன்று நாள் கொண்டாட்டம், வேலைக்காக நகரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சொந்தக் கிராமத்துக்குப் போகிற நேரம். "அந்த இல்லத்துப் பிள்ளைகள் அன்னைக்கு வீட்டுக்குப் போக மாட்டாங்களா? நம்ம பிள்ளைகள் வருதுன்னு அவங்கள நிறுத்தி வைப்பாங்களா?" அவரிடம் பதில் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

காசுக் கணக்கையும் கேட்டு வாங்கினேன். விமானம், தங்கல், சாப்பாடு, பஸ், வழிகாட்டி எல்லாம் போக, "சேவைத் திட்டப் பங்களிப்பு" என்ற தலைப்பில் ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய். அங்கோர் கோயில்களைப் பார்க்க மூன்று நாள் டிக்கெட் 62 டாலர், நம் காசில் ஏறக்குறைய அதே தொகை. சேவைக்கு ஒரு பங்கு, கோயில் டிக்கெட்டுக்கு ஒரு பங்கு, மிச்சம் 1,23,000 போக்குவரத்துக்கும் ஓட்டலுக்கும் கமிஷனுக்கும். இருபது பிள்ளைகள் போனால் மொத்தம் 27 லட்சம், அதில் இல்லத்துக்குப் போய்ச் சேருவது 1,20,000. பேசாமல் காசை மட்டும் அனுப்பிவிட்டால் என்ன என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யாருக்கு அனுப்புவது? அந்த இல்லத்துக்கே அனுப்பினால் அது இன்னும் நாலு வீட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும். அந்த யோசனையை அத்தோடு விட்டோம்.

நேபாளத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு பள்ளி 2015 ஏப்ரல் நிலநடுக்கம் தாக்கிய மலைக்கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடம் கட்ட உதவுவது என்று திட்டம் வைத்திருக்கிறது. இந்தியருக்கு விசா வேண்டாம். 15 முதல் 18 வயது வரையான மாணவர்கள் பள்ளி முதல்வர் குறித்த படிவத்தில் தரும் அடையாளச் சான்றோடு போய்வரலாம், பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும். கொல்லத்தில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் நேரே கோரக்பூர், அங்கிருந்து எல்லை பக்கம். செலவு கம்போடியாவில் பாதிகூட வராது. ஆனால் நம் பிள்ளைகள் அங்கே போய்ச் செய்யப்போவது செங்கல் தூக்குகிற வேலை. எங்கள் லைனில் வீடு கட்டும்போது பார்த்திருக்கிறேன்: பழகாதவன் வைத்த வரிசையைக் கொத்தனார் பிரித்து மறுபடி வைப்பார். சம்பளம் வாங்கிச் செய்ய அந்தக் கிராமத்திலேயே சித்தாள் இருக்கிறாள். அவளுடைய ஐந்து நாள் கூலியை நம் பிள்ளை இலவசமாகச் செய்து கெடுக்க வேண்டுமா? மலை பார்க்கப் போகலாம், நேபாளம் அழகான நாடு.

இனி இலங்கை. இது எங்கள் குடும்பத்துக்குள் கிடந்த பேச்சு, சுற்றறிக்கையில் இல்லாதது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது 1948ல், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அதே வருஷம் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். அப்பா அம்மா பேர் இந்தியா பட்டியலில் வந்தது. அம்மாவின் தங்கச்சி பேர் இலங்கைப் பட்டியலில். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் குளத்துப்புழைக்கு வந்தார்கள். தேயிலை பறித்த கைகளுக்கு இங்கே ரப்பர் வெட்டக் கொடுத்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகப் போட்ட ரப்பர் தோட்டங்களை நடத்த 1976ல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து ஒரு அரசுக் கம்பெனி வந்தது. ஆர்.பி.எல். என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நானும் தங்கச்சியும் அந்தக் குடியிருப்பில் பிறந்தவர்கள். மலையாளத்தில் படித்தோம், வீட்டில் தமிழ் பேசினோம். அம்மா இன்னும் "முடியாது" என்று சொல்ல மாட்டாள். "ஏலாது" என்பாள்.

சித்தியின் மகன் இப்போது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப்பகுதிப் பள்ளியில் ஆசிரியர். மாதம் ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் பேசுவோம். கம்போடியாக் காகிதத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். "நம்ம பிள்ளைகள் அங்க வந்தா உங்களுக்கு உதவியா இருக்குமா தம்பி?" என்று கேட்டேன். அவர் உடனே ஆமாம் சொல்லவில்லை, அதனாலேயே அவர் பேச்சை நம்பினேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பெயின்ட் அடிக்க வேண்டாம் அண்ணன், அதுக்கு இங்க ஆள் இருக்கு. உடுப்பு, கொப்பி (நோட்டு) மூட்டை கட்டிக்கொண்டு வரவும் வேண்டாம், பிள்ளைகள் கை நீட்டிப் பழகிறாதுகள். ஓ.எல். (அங்கே பள்ளிப் பொதுப் பரீட்சை) எழுதப்போற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்ல கூச்சம் இருக்கு. அதே வயசுப் பிள்ளைகள் வந்து ரெண்டு வாரம் பக்கத்தில இருந்து பேசினா, அதுக்குப் பிறகும் போன்ல பேசினா, அது உதவி. வந்து போட்டு மறந்திர்றதெண்டா ஏலாது."

இதற்கு என்னால் மறுபேச்சு சொல்ல முடியவில்லை. நாலு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கேட்டு அழைத்த குரல் இங்கே மட்டும்தான் இருந்தது. எதற்கு வர வேண்டும், எதற்கு வரக் கூடாது என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்தப் பக்கத்தில் இருக்கிறார். கம்போடியத் திட்டத்தில் அந்த இல்லத்துப் பிள்ளையோ அதன் தாயோ என்ன வேண்டும் என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

மொழியும் பெரிய காரணம். சியாம் ரீப்பில் நம் பிள்ளை கெமர் தெரியாமல், எதிரே உள்ள குழந்தை ஆங்கிலம் தெரியாமல், நடுவில் வழிகாட்டி. ஹட்டனில் முதல் நிமிஷமே பேச்சு தொடங்கிவிடும். கொழுந்து, லயம், கங்காணி, கணக்கப்பிள்ளை, பெரட்டுக்களம் என்று அம்மா வீட்டில் சொல்லும் சொல்லெல்லாம் அங்கே நடமாடிக்கொண்டிருக்கும். என் மருமகளுக்கு, அதாவது தங்கச்சி மகளுக்கு, அவள் பாட்டியின் பாதி வாழ்க்கை பாடப் புத்தகத்தில் இல்லை, கேரளப் பாடத்திலும் இல்லை, தமிழ்நாட்டுப் பாடத்திலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆக வேண்டும் என்று அந்த மக்கள் எத்தனை வருஷம் போராடினார்கள், அது 2021ல்தான் வந்தது, அதுவும் இலங்கை ரூபாயில், என்பதெல்லாம் அவள் அங்கே போனால் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

ஆனால் இதிலும் முள் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் அந்த மலைகள் பல இடங்களில் சரிந்தன. வீடிழந்த குடும்பங்கள் இன்னும் மீண்டு முடியவில்லை. பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி லயத்தின் மேல் மலை சரிந்து 70 பேர் போனதை இடுக்கிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குச் சனங்கள் துக்கத்தில் இருக்கும்போது பதினாறு வயசுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், அவர்கள் சோற்றில் பங்கு போட்டு, அவர்கள் இடத்தில் படுக்கவைத்து, அதற்குச் சேவை என்று பேர் வைப்பது தப்பு. தங்கும் இடமும் சாப்பாடும் அந்த ஊருக்குப் பாரமாகாமல் இருந்தால்தான் போக வேண்டும்.

விசா அடுத்த முள். சுற்றுலா விசாவில் போகிறவர் வேலை செய்யக் கூடாது, சம்பளம் இல்லாத வேலையும் கூடாது என்பது இலங்கையின் நிபந்தனை. பல நாடுகளில் இதே நிபந்தனை உண்டு. பள்ளிகள் இதைப் பெற்றோரிடம் சொல்வதே இல்லை. என் மருமகள் வகுப்பில் நின்று பாடம் நடத்தினால் அது என்ன கணக்கு? பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே மாணவர் சந்திப்பு என்று இரண்டு பக்கமும் கடிதம் எழுதி, எந்த விசா சரி என்று தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் ஒரே வழி. கம்போடியாப் பயணத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டேன். "எல்லாரும் டூரிஸ்ட் விசாவுலதான் சார் போறாங்க" என்றார்கள்.

தேதியும் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே விடுமுறை. அங்கே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பள்ளி மூடியிருக்கும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை அந்த மலையில் கொட்டத் தொடங்கும். ஆக, மே முதல் ரெண்டு வாரம்தான் இடைவெளி. திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு விமானத்தில் ஒரு மணி நேரத்துப் பயணம்; கொழும்பிலிருந்து மலையேறத்தான் நேரம் பிடிக்கும். சித்தி வீட்டில் ரெண்டு பேர் தங்கலாம், இருபது பேர் தங்க முடியாது. இருபது பேர் போக வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியாக எங்கள் ஊர். இதைப் பட்டியலில் சேர்த்ததே தங்கச்சிக்குப் பிடிக்கவில்லை. "இங்க இருந்து என்னண்ணே கத்துக்கப் போறா?" என்றாள்.

கேரளத்தில் சாந்துவன சிகிச்சை, அதாவது குணமாக்க முடியாத நோயாளிக்கு வலியில்லாமல், மரியாதையோடு இருக்க உதவும் கவனிப்பு, 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது. 2008ல் இதற்கென்று ஒரு கொள்கையையே மாநில அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். இன்று பஞ்சாயத்து தோறும் ஒரு நர்ஸ் வண்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். கூட ஆஷா வொர்க்கர், வார்டு மெம்பர், நேரமிருக்கும் ஊர்க்காரர்கள். மாணவர்களையும் இதில் சேர்க்கும் வழக்கம் மலபார் பக்கத்தில் பல வருஷமாக உண்டு. பெரிய மருத்துவ வேலை ஒன்றும் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டார்கள். நகம் வெட்டுவது, மாத்திரைகளை வேளைக்கு வேளை பிரித்து வைப்பது, பத்திரிகை வாசித்துக் காட்டுவது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. புண் கழுவுவதற்கும் ட்யூப் மாற்றுவதற்கும் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கடையில் இருக்கிற எனக்கு அந்த வண்டிக்காரர்களைத் தெரியும். ஒரு சனிக்கிழமை மருமகளை ஏற்றி அனுப்பினேன், சும்மா பார்த்துவிட்டு வரட்டும் என்று. அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது வீடு எங்கள் குடியிருப்பிலேயே. முப்பது வருஷம் ரப்பர் வெட்டிய ஒரு பாட்டி, ட்யூப் போட்டுப் படுத்திருக்கிறார். நர்ஸ் சேச்சி கோட்டயம் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷி. "அம்மே, எந்தா புத்திமுட்டு?" என்று கேட்டிருக்கிறார். பாட்டி, "நீர் கடுக்குது தாயி" என்று சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் நீர் என்றால் வீக்கம். சேச்சி போர்வையை விலக்கிக் காலைப் பார்த்திருக்கிறார், அழுத்திப் பார்த்திருக்கிறார், வீக்கம் அவ்வளவாக இல்லை என்று சொல்லியிருக்கிறார். பாட்டி மறுபடியும் அதையே சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கதவோரம் நின்ற மருமகள்தான், "சேச்சி, அவங்க கால சொல்லல, மூத்திரம் போறப்போ எரியுதுன்னு சொல்றாங்க" என்று மலையாளத்தில் விளக்கியிருக்கிறாள். ட்யூப் போட்டவருக்கு நீர்க்கடுப்பு என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம். அன்று சாயங்காலமே டாக்டர் சீட்டு என் கடைக்கு வந்துவிட்டது. போன வாரமும் அந்தப் பாட்டி அதையே சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

குத்துது, கடுக்குது, எரியுது, கரிக்குது, விண்விண்ணென்று தெறிக்குது, மரத்துப்போச்சு, ஊறுது. வலிக்கு நம்மிடம் இத்தனை சொல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எங்கள் குடியிருப்பில் வயசானவர்கள் வலிக்கும்போது மலையாளத்தில் பேச மாட்டார்கள். நாற்பது ஐம்பது வருஷம் இங்கே வாழ்ந்தாலும் வலி பிறந்த மொழியில்தான் வெளியே வரும். ரெண்டு மொழியும் சரளமாக வரும் ஒரு பதினாறு வயசுப் பிள்ளையால் இங்கே செய்ய முடிவதை வேறு யாராலும் அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது. சியாம் ரீப்பில் அவள் இருபது பேரில் ஒருத்தி. அந்த வண்டியில் அவள் இல்லாவிட்டால் ஒரு பாட்டி இன்னொரு வாரம் எரிச்சலோடு கிடப்பார்.

இதில் கஷ்டம் இல்லையா? இருக்கிறது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. படுக்கைப்புண் நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை என்று அழுதாள். அடுத்த வாரம் போகிற வீடு ஒன்றில் ஆள் இறந்திருப்பார், அது வரும். பக்கத்தில் பேச ஒரு பெரியவர் இல்லாமல் பிள்ளைகளை இதில் விடவே கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. ஒத்துவராத பிள்ளையை யாரும் குறைவாக நினைக்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு அங்கன்வாடி இருக்கிறது, நூலகம் இருக்கிறது, அரசுப் பள்ளியில் படித்தால் என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது: ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரம், கூட ஏழு நாள் முகாம்.

தங்கச்சிக்கு இருந்த பெரிய கவலை சான்றிதழ். வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது கம்போடியா என்று எழுதினால் எடுப்பாக இருக்கும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அதையும் தேடிப் பார்த்தேன். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில், ஒவ்வொரு செயலுக்கும் நேரே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று நிரப்பக் கட்டம் இருக்கிறது. கம்போடியாவுக்கு அங்கே ரெண்டு வாரம் என்றுகூட எழுத முடியாது. சனிக்கிழமை வண்டிக்கு நாற்பது வாரம் எழுதலாம். ஐ.பி. என்கிற சர்வதேசப் பாடத்திட்டத்திலும் சேவை, செயல்பாடு எல்லாம் சேர்த்து 18 மாதம் தொடர்ந்து நடக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள், வெளிநாடு போக வேண்டும் என்று எங்கும் இல்லை. இதைக் கேட்டதும் தங்கச்சி குரல் மாறியதைக் கவனித்தேன். சான்றிதழுக்காக நோயாளி வீட்டுக்குப் போவது சரியா என்று மச்சான் கேட்டார். ஆரம்பத்தில் எதற்காகப் போனாலும், பத்தாவது வாரம் போகிறவள் அந்த வீட்டுக்காகத்தான் போவாள் என்பது என் நம்பிக்கை.

இன்னமும் கம்போடியாவுக்கோ வேறு நாட்டுக்கோ அனுப்புவது என்று முடிவெடுக்கிற வீடுகள், பணம் கட்டும் முன் சிலவற்றைப் பள்ளியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஊரில் இந்த வேலையைக் கேட்டது யார்? போன வருஷம் போன பிள்ளைகள் அடித்த பெயின்ட், கட்டிய சுவர் இப்போது எப்படி இருக்கிறது? எந்த விசா? பத்துப் பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர், அதில் பெண் ஆசிரியர் எத்தனை பேர்? டெங்கு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ் எவ்வளவு? வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பிடிக்கும் டி.சி.எஸ். என்ற வரித் தொகைக்கு ரசீது தருவார்களா? அதை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். திட்டத்தில் அனாதை இல்லம் இருந்தால் மட்டும் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. அனுப்பாதீர்கள்.

எங்கள் வீட்டு முடிவு இது. கம்போடியா வேண்டாம். இதைச் சொல்லும்போது மருமகள் அழுதாள், கோபப்பட்டாள், ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கூட்டாளிகள் நாலு பேர் போகிறார்கள், அந்த வலி எனக்குப் புரிகிறது. மூன்றாம் நாள் அவளே வந்து, "மாமா, பாஸ்போர்ட் மட்டும் எடுத்துக் கொடுங்க" என்றாள். பதினெட்டு வயதுக்குக் கீழே 1,000 ரூபாய்தான் கட்டணம், விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அடுத்த மே மாதம் வரை, ஒரு வருஷம், சனிக்கிழமை வண்டி. அதுவரை ஹட்டன் பள்ளிப் பிள்ளைகள் ரெண்டு பேரோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனில் ஆங்கிலம் பேசுவாள். முதல் வாரம் மூன்று பேரும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே நேரத்தைப் போக்கினார்கள், போன வாரம் கிரிக்கெட்டைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்கள். அங்கே நிலைமை சரியாகி, அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் (அங்கே அதிபர் என்பார்கள்) கடிதம் கொடுத்தால், மே முதல் வாரம் அவளும் தங்கச்சியும் போவார்கள். சேவைப் பயணம் என்ற பேர் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பாட்டி ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் போதுமாம்.

அம்மாவுக்கு இதெல்லாம் முழுசாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் நேற்று ராத்திரி மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோட்டத்துக்கு எந்தப் பாதையில் ஏற வேண்டும், எந்த வளைவில் எங்கள் லயம், எத்தனையாவது காம்பரா (அறை) என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள் ஒரு நோட்டில் படம் வரைந்துகொண்டாள். அதிபருக்குக் கடிதம் போய் ஒரு வாரம் ஆகிறது, பதில் இன்னும் வரவில்லை. பஞ்சாயத்து வண்டி சனிக்கிழமை காலை எட்டரைக்கு என் கடை வாசலில் நிற்கும்.